பதினாலாம் நம்பர் பேட்ஜ்

ஜனவரி 3, சனி

சில்லு,

இந்த டைரி உன் பெயருக்கு வந்தது. கிளப்பில் வருஷா வருஷம் கொடுப்பார்களே, அதே பச்சை அட்டை. உள்ளே சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்: எம். சிலுவைமுத்து, கேடி, நம்பர் 14. நவம்பரிலேயே பெயர்ப் பட்டியல் போயிருக்கும். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் நீ ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவன் அப்படியே சரிந்தது பட்டியலுக்குத் தெரியாது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். ஆனாலும் எழுதப்போகிறேன். வாயைத் திறந்தால் யாரிடமாவது சண்டை வருகிறது. காலையில் பால்காரரிடம், மத்தியானம் மேல்வீட்டு ரெஜினாளிடம். நாலு பேர் முன்னால் உன்னை "நீங்க" என்றுதான் சொன்னேன். இங்கே யாரும் இல்லை.

துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த என் தங்கச்சி புருஷன் இன்றைக்கு ஊருக்குக் கிளம்பும்போது கேட்கிறான்: "அதென்னக்கா, கேடின்னு வேலைக்குப் பேரு? போலீஸ் ஸ்டேஷன்ல போட்டோ ஒட்டுவாங்களே, அதுவா?" இருபத்தெட்டு வருஷம் மெம்பர்களின் கோல்ஃப் பையைத் தோளில் சுமந்தவன், எந்தக் கட்டையால் அடி, புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக் கொடுத்தவன். அதை அவனுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. "ஆமா, அதுதான்" என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஜனவரி 4, ஞாயிறு

ஒன்பதாவது குழிக்குப் பக்கத்தில் இருக்கும் என் டீ ஷெட்டைப் பதினாறு நாள் கழித்துத் திறந்தேன். காட்டுமாடு வந்து கதவில் முதுகை உரசியிருக்கிறது. வாசலில் சாணி. அள்ளிப் போட்டுக் கழுவினேன். பால் இரண்டு தரம் பொங்கி வழிந்தது.

பதினொரு மணிக்கு மேல் வராந்தாவுக்கு டீ கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து மெம்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி நேரம் விளையாடி அஞ்சு மணி நேரம் சொல்வார்கள் என்பாயே, அப்படித்தான். உலகத்திலேயே பெரிய கஷ்டம், குழியைச் சுற்றியிருக்கும், கிரீன் என்கிற அந்த மொட்டைப் புல்லில் பந்தை மெல்ல உருட்டி உள்ளே தள்ளுவதுதான் போல. அந்தப் புட் அடிக்கிற பேச்சுத்தான் எப்போதும்.

கீழே நூல் மில் வைத்திருக்கும் பொன்னுரங்கம் சார் ஆரம்பித்தார். "ஏழாவது ஹோல்ல ரெண்டே ஷாட்ல கிரீனுக்கு வந்துட்டேன். அப்புறம் மூணு புட். வீட்டுல கார்ப்பெட்ல எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வெச்சு தினம் நூறு அடிக்கிறேன். அத்தனையும் உள்ள போகுது."

"அப்ப அந்த டம்ளரை இங்க கொண்டுவந்து புதைச்சிடுங்க" என்றார் கிளப் கேப்டன்.

பல் டாக்டர் விஜயராகவன் சிரித்தார். "உங்களுக்காவது மூணு புட். எனக்குக் கோப்பையே போச்சு. நம்ம சிலுவை அன்னிக்கு ஃபுல் லோடு. பந்து ரெண்டாத் தெரிஞ்சிருக்கும், எதையோ ஒண்ணைக் கொடுத்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் டிரேயோடு பக்கத்தில் நிற்கிறேன். செத்து பதினாறு நாள் ஆன ஆள். அந்த ஆளின் பெண்டாட்டி சர்க்கரை எத்தனை என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தருக்கும் நாக்குக் கூசவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். டிசம்பர் ஏழு, கோப்பை ஆட்டம். நீ இரண்டு பை சுமந்தாய், ஒன்று டாக்டருடையது, ஒன்று பொன்னுரங்கம் சாருடையது. கடைசிக் குழி. இருவர் பந்தும் கிரீனில். பந்து கிடந்த இடத்தில் காசை வைத்துவிட்டு, பந்தை எடுத்துத் துடைத்து, அவரவரிடம் திருப்பிக் கொடுப்பது உன் வேலை. இரண்டும் ஒரே கம்பெனிப் பந்து. டாக்டர் பந்தில் சிவப்புப் புள்ளி, மற்றவருடையதில் நீலப் புள்ளி. நீ மாற்றிக் கொடுத்துவிட்டாய். இருவரும் அடித்துக் குழியில் போட்டும்விட்டார்கள். வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு அடி தண்டனை. அந்த ஒரு அடியில் டாக்டரின் கோப்பை மூன்றாவது ஒருத்தருக்குப் போனது.

டாக்டர் உன் முகத்துக்கு நேராக நின்று, "குடிச்சிருக்கியா?" என்று கத்தினாராம். நீ "ஆமா சார்" என்றாயாம். ஒரு மாதம் சஸ்பெண்ட்.

கல்யாண வீட்டில் பாட்டிலைக் கண்டால் பந்தியை விட்டு எழுந்து வரும் ஆள் நீ. உன் அப்பா குடித்துச் சீரழிந்ததைப் பார்த்தவன். நீ ஏன் ஆமா என்றாய் என்று எனக்குத் தெரியும். அதை இதில் எழுத மாட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

கிளப் லீவு. திங்கட்கிழமை மைதானம் கேடிகளுக்கு. உன் கூட்டாளி வெள்ளைச்சாமி வந்து கூப்பிட்டான், டீ போடப் போகவில்லை. துணி துவைத்தேன். மூடுபனி. எதுவும் காயவில்லை.

ஜனவரி 8, வியாழன்

கேப்டனைப் பார்க்கப் போனேன். கப்பலும் இல்லை, பட்டாளமும் இல்லை, ஆனாலும் கேப்டன். ஆட்ட விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"சார், அவரோட பேட்ஜை ஷெட்டுல அடிக்கணும்" என்றேன்.

இருபது வருஷம் பை சுமந்த கேடி செத்தால் அவருடைய பித்தளை பேட்ஜைக் கேடி ஷெட் விட்டத்தில் ஆணி அடிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை மெம்பர்களும் வந்து தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். கேடிகள் ஆளுக்கு ஒரு புட் அடிப்பார்கள். மேலே பதினொரு பேட்ஜ் இருக்கிறது. ஒவ்வொன்றும் யார் என்று நீ விரலால் காட்டிச் சொல்வாய்.

கேப்டன் பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா சஸ்பென்ஷன்ல இருக்கும்போது போயிட்டாரு. குடிச்சதுக்காக வாங்கி வெச்ச பேட்ஜை நான் எப்படி ஆணி அடிக்கிறது? மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அவர் குடிக்க மாட்டார் சார்."

"அவரே எழுதிக் கொடுத்திருக்காரே." மேசை இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். டைப் அடித்திருந்தது. கீழே உன் கையெழுத்து, கோட்டை விட்டு மேலே ஏறி, டைப் எழுத்தின் மேலேயே கிடந்தது. "பாரு, கை எப்படி ஆடியிருக்குன்னு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

இழுப்பறையில் அந்தத் தாள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உன் பேட்ஜ் கிடந்தது. பேப்பர் கிளிப்புக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில். கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். இழுப்பறையை மூடிவிட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததைக் கேள்.

டாக்டர் வராந்தாவில் ஷூவைக் கழற்றிவிட்டு நிற்கிறார். சாக்ஸோடு. எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

"ஆன்லைன்ல ஒரு கோச். வெளிநாட்டுக்காரர். ஆறு வாரம் கிளாஸ். கண்ணை நம்பாதீங்கங்கிறார். பந்துக்கும் ஹோலுக்கும் நடுவுல கால் ரெண்டையும் அகட்டி நில்லுங்க. எந்தக் காலுல கனம் ஏறுதோ அந்தப் பக்கம் சரிவு. எவ்வளவு சரிவோ அத்தனை விரலைத் தூக்கிப் பிடிச்சு, அந்த விரல் அகலத்துக்குத் தள்ளி அடிங்க. நேத்து எனக்கு இருபத்தொம்பது புட்தான், பதினெட்டு ஹோலுக்கும் சேர்த்து."

"எனக்கு முப்பத்தாறு" என்றார் பொன்னுரங்கம் சார். "நான் பந்தைப் பாக்காம ஹோலைப் பாத்து அடிக்கிறேன். மருமகன் சொன்னான்."

"ஹோலைப் பாத்தா பந்து எங்க போகும்?"

"அது மருமகனுக்குத்தான் தெரியும்."

சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருத்தராக ஷூவைக் கழற்றி, பலகைத் தரையில் காலை அகட்டி நின்று, விரலைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்கிற மாதிரி இருந்தது.

சில்லு, நாலு வருஷமாக நீ செய்ததும் இதுதானே? கான்வாஸ் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலோடு கிரீனில் நடந்து, "ரெண்டு விரல் சார், வலது பக்கம்" என்பாயே. அப்போது இதே டாக்டர்தான், "என்ன சிலுவை, கோயிலுக்கா வந்திருக்கே?" என்று கேலி செய்தார். நீ காட்டிய விரலை நம்பித்தான் மூன்று கோப்பை வாங்கினார். இப்போது எவனோ வெளிநாட்டுக்காரன் சொல்லிக் கொடுத்தானாம்.

ஷூ கடிக்கிறது, அதனால் கழற்றுகிறேன் என்று நீ எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாய். நானும் அதையே சொன்னேன்.

ஜனவரி 13, செவ்வாய்

வெள்ளைச்சாமி ஷெட்டுக்கு வந்தான். உன்னோடு இருபது வருஷம் பை சுமந்தவன், உன் சாவுக்கு மொட்டை போட்டவன். அவனுக்குக் கேட்காமலே டீ ஊற்றினேன்.

"மதினி, கேப்டன்கிட்டப் போனீங்களாம்ல."

"போனேன். என்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கண்ணு விசயத்தை மட்டும் சொல்லிப்புடாதீங்க."

நான் பால் சட்டியைத் துடைத்தேன்.

"கோவிக்காதீங்க. நீங்க சொன்னா அண்ணன் பேரு சுத்தமாகும், வாஸ்தவந்தான். மறுநாளே எங்க எல்லாத்தையும் வரிசையா நிப்பாட்டிக் கண்ணு டெஸ்ட் வெப்பாங்க. பாதிப் பேரு வெளிய. நானும் வெளிய."

"உனக்குமா?"

"பதினெட்டாவதுல கொடி இருக்குன்னு தெரியும். என்னா கலருன்னு கேட்டா, பதினெட்டாவதுல இருக்குன்னு சொல்லுவேன்." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "அண்ணன் அதுக்குத்தான மதினி குடிகாரன்னு பேரு வாங்கிட்டுப் போனாரு? குடிச்சவனுக்கு ஒரு மாசம். கண்ணு போனவனுக்கு ஆயுசுக்கும்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சரி. எழுதுகிறேன். யார் படிக்கப்போகிறார்கள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் சொன்னார்கள்: கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள். காலையும் சாயங்காலமும் நான்தான் விட்டேன். ஆளும் மரமும் உனக்குத் தெரியும். வெள்ளையாகப் பந்தும் தெரியும். பந்தின் மேல் இருக்கும் புள்ளி தெரியாது. சிவப்பும் நீலமும் உனக்கு ஒரே சாம்பல். புல்லின் சாய்வு கண்ணுக்கு எட்டாமல் போனபோதுதான் ஷூவைக் கழற்றினாய். குழியைத் தினம் இடம் மாற்றி வெட்டுவார்களே, நான் ஷெட் திறக்கப் போகும்போது ஒன்பது கிரீனையும் சுற்றிவந்து, எந்தக் குழி எந்த மூலையில் என்று உன்னிடம் ஒப்பிப்பேன். மீதி ஒன்பதை வெள்ளைச்சாமி சொல்வான். அவன் சொன்னது எந்த லட்சணம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நாலு வருஷம் புள்ளி தெரியாமல் பந்தை எப்படிப் பிரித்துக் கொடுத்தாய் என்பதை நான் எழுதவில்லை. கை வலிக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அடுப்பு மூட்டவில்லை. ரெஜினாள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து, சண்டை போட்டதே நினைவில்லாத மாதிரி வைத்துவிட்டுப் போனாள். சாப்பிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

உன் முப்பதாம் நாள் பூசை. முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஃபாதர் புதியவர், உன்னைத் தெரியாது. யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். பிரசங்கத்தில் உன் பெயரைச் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே குடியைப் பற்றி ஆரம்பித்தார். குடியால் அழிந்த குடும்பங்கள். குடியால் இழந்த வேலைகள். தாய்மார்களே, உங்கள் கணவர்களைக் கண்டியுங்கள்.

நான் எழுந்து நின்றேன். பிரசங்கத்தின்போது யாரும் நிற்க மாட்டார்கள். ரெஜினாள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஃபாதர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் ஆமென் சொல்லும்வரை நின்றேன்.

வெளியே வந்ததும், "என்ன சலேத்து, மயக்கமா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். ஆமாம், எனக்குத்தான் மயக்கம்.

ஜனவரி 20, செவ்வாய்

ஆபீஸ் கிளார்க் ஞானப்பிரகாசம் டீ குடிக்க வந்தவர், நல்லது செய்கிற நினைப்பில் சொன்னார். பிப்ரவரி முதல் தேதி புதுக் கேடி ஒருத்தர் சேர்கிறாராம். எஸ்டேட் வேலையை விட்டு வருகிற ஆள். காலியாக இருக்கிற நம்பரைக் கொடுக்கச் சொல்லிவிட்டாராம் கேப்டன்.

"எந்த நம்பர்?"

அவர் டீயை ஊதினார். "பதினாலு."

இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குப் பிறகு பதினாலு என்றால் வேறொருத்தர். நீ விட்டத்திலும் இல்லை, ஷெட்டிலும் இல்லை. டைப் அடித்த ஒரு தாளில் குடிகாரனாக இருப்பாய், அவ்வளவுதான்.

கண்ணைச் சொன்னால் உன் பேட்ஜ் கிடைக்கும். வெள்ளைச்சாமியின் பேட்ஜ் போகும்.

ஜனவரி 22, வியாழன்

சர்க்கரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். ஒரு விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் பல் டாக்டர்.

ஜனவரி 25, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். வராந்தா நிறைய ஆள். டாக்டர் பதினான்காவது குழியில் நாற்பதடி தூரத்திலிருந்து புட் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று விரல் சரிவாம், பந்து அரை வட்டம் போட்டு வந்து விழுந்ததாம். மேசை மேல் பிஸ்கட்டைக் குழியாக வைத்து, சீனிக் கட்டியை உருட்டிக் காட்டினார். கேப்டனும் பொன்னுரங்கம் சாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரேயை வைத்தேன். போகவில்லை.

"டாக்டர் சார், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"அன்னிக்குக் கடைசிக் குழியில எங்க வீட்டுக்காரர் மூஞ்சிக்கு நேரா நின்னு சத்தம் போட்டீங்க. எம்புட்டுக் கிட்டக்க நின்னீங்க?"

அவருக்குப் புரியவில்லை. "இதோ, இந்தத் தூரம். எதுக்கு?"

"நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பாக்குறதுதான் உங்க வேலை. அவர் வாயில சாராய வாடை அடிச்சுதா?"

சீனிக் கட்டி கையிலேயே நின்றது.

பொன்னுரங்கம் சார், "ஏம்மா, இதெல்லாம் ஆபீஸ்ல பேசிக்கலாமே" என்றார்.

"ஆபீஸ்ல பேசிட்டேன் சார்."

கேப்டன் நிமிர்ந்தார். "அதான் அவரே ஒத்துக்கிட்டாரேம்மா."

"அவர் சொன்னதைக் கேக்கல சார். டாக்டர் மூக்கு என்னா சொல்லுச்சுன்னு கேக்குறேன்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. பிஸ்கட்டைப் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். டிரேயைத் தூக்கிக்கொண்டு போகவும் தயாராக இருந்தேன்.

"கிராம்பு" என்றார்.

"என்ன?" என்றார் கேப்டன்.

"கிராம்பு வாசனை. கடைவாய்ப் பல் வலிக்குதுன்னான். நான்தான் கிராம்பு வெச்சுக்கச் சொன்னேன், அந்த வாரம். வேற எதுவும் இல்ல."

"அப்ப குடிக்கலையா? நீங்கதானே விஜய், குடிச்சிருக்கான்னு சொன்னீங்க?"

"கோபத்துல கேட்டேன். அவன் ஆமான்னுட்டான். நான்… சரின்னு விட்டுட்டேன்."

விட்டுவிட்டாராம். ஏழு வாரம் வராந்தாவில் சிரித்துச் சிரித்துச் சொன்னதற்கு அதுதான் பெயர்.

கேப்டன் என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "குடிக்கலைன்னா பந்து எப்படிம்மா மாறும்? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். சும்மா மாறாது."

தூணுக்குப் பக்கத்தில் வெள்ளைச்சாமி பையோடு நின்றுகொண்டிருந்தான். 

"என் தப்பு சார்" என்றேன். "அவர் டாக்டர் பந்தைக் கோட்டுல வலது பையிலயும், இந்த சார் பந்தை இடது பையிலயும் போட்டுத் துடைப்பாரு. கோட்டுல இடது பை கிழிஞ்சு கெடந்துச்சு. தைக்க மறந்துட்டேன். பந்து விழுந்துரும்னு ரெண்டையும் ஒரே பையில போட்டுட்டாரு. அவ்வளவுதான்."

 எனக்கு நிறுத்த முடியவில்லை.

"அவர் மாத்திக் கொடுத்தாரு. வாங்குன கை உங்க கைதான சார்? கீழ வெச்சுக் குறி பாத்து அடிச்சது நீங்கதான? சிவப்பா நீலமான்னு நீங்களும் பாக்கலியே."

பொன்னுரங்கம் சார் தலையைச் சொறிந்தார். "அது வாஸ்தவம். எனக்கும்தான் தெரியல. நான் ஹோலைப் பாத்துட்டு இருந்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கேப்டன் எழுந்து ஆபீசுக்குப் போனார். நான் காலிக் கப்புகளை எடுத்தேன். இரண்டு கப் மோதிக்கொண்டன. உடையவில்லை.

ஜனவரி 26, திங்கள்

நேற்று "மறந்துட்டேன்" என்று சொன்னேன். நான் மறக்கவில்லை.

இருபத்திரண்டு நாளாக டாக்டர் செய்ததை எழுதினேன், கேப்டன் செய்ததை எழுதினேன், ஃபாதரைக்கூட விடவில்லை. இதை எழுதவில்லை.

டிசம்பர் முதல் வாரம் நமக்குச் சண்டை. "போதும், கண்ணு விஷயத்தைச் சொல்லிட்டு நின்னுரு, டீ ஷெட்டை ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்றேன். "வெந்நீர் ஊத்தவா இருபத்தெட்டு வருஷம் நடந்தேன்?" என்றாய். அந்த வார்த்தை எனக்கு ஆறவில்லை. நான் அங்கே வெந்நீர்தான் ஊற்றுகிறேன். மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

கோப்பைக்கு முந்தின நாள் மத்தியானம் கோட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாய். "சலேத்து, தைக்க வேணாம். நூலை மட்டும் கோத்துக் குடு, நானே தைச்சுக்கிறேன்" என்றாய். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். காது கேட்காத மாதிரி இருந்தேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து, நூலை எச்சில் தொட்டு, குத்திக் குத்திப் பார்த்தாய். ஊசிக் காது எங்கே, நூல் எங்கே. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெங்காயம் ஏற்கெனவே தேவைக்கு மேல் அரிந்தாகிவிட்டது. இன்னொன்றை எடுத்தேன்.

இதை யாரிடமும் சொல்ல முடியாது.

ஜனவரி 29, வியாழன்

டாக்டர் தனியாக ஷெட்டுக்கு வந்தார். விளையாடுகிற நாள் இல்லை, பையும் இல்லை. டீ கேட்டார். கொடுத்தேன். பெஞ்சில் உட்காராமல் ஒன்பதாவது கிரீனைப் பார்த்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் ஷூவைக் கழட்டுவாரு?"

"ஷூ கடிக்கும் சார்."

"கடைசி நாலு வருஷமாத்தான் கடிச்சுது, இல்ல?"

நான் பாத்திரத்தைத் தேய்த்தேன்.

"சரிவைச் சொல்லும்போது அவர் குனிஞ்சு பாத்ததே இல்ல. இப்பத்தான் யோசிக்கிறேன். நான் அந்த கிளாஸ்ல கண்ணைக் கட்டிக்கிட்டுப் பழகுறேன். கோச் அப்படித்தான் பழகச் சொல்றார்." டீயை ஒரு வாய் குடித்தார். "வெள்ளைச்சாமிக்கு எப்படி, நல்லாத் தெரியுமா?"

"அவனுக்கென்னா சார், அந்த மலையில எறும்பு ஊர்றதைச் சொல்லுவான்."

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "சரி" என்றார். கப்பைத் தானே கொண்டுவந்து தொட்டியில் வைத்தார். எனக்கு அவர் மேல் இருக்கும் கோபம் இதனால் குறையவில்லை. ஏழு வருஷம் உன்னைப் பக்கத்தில் வைத்திருந்தவர், நீ செத்து நாற்பது நாள் கழித்து வந்து கேட்கிறார்.

ஜனவரி 31, சனி

ஞானப்பிரகாசம் சொன்னார்: புது ஆளுக்கு முப்பத்தொன்று.

பிப்ரவரி 2, திங்கள்

அடித்தார்கள்.

மெம்பர்கள் ஒன்பது பேர் வந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். கேப்டன் உன் சஸ்பென்ஷனை ரத்து செய்ததாகத் தாளைப் பார்த்து வாசித்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன், இல்லை. சுத்தியலை வெள்ளைச்சாமியிடம் கொடுத்தார்கள். முதல் அடி விட்டத்தில், இரண்டாவது அவன் கட்டை விரலில். கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். "குளிருல கை விறைச்சுப் போச்சு அவனுக்கு" என்று நான் சத்தமாகச் சொன்னேன். டாக்டர் போய் ஆணியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது அடி சரியாக விழுந்தது.

பன்னிரண்டாவது பேட்ஜ் நீ. ஜன்னல் பக்கம். வெளிச்சம் படுகிறது.

கேடிகள் ஆளுக்கு ஒரு புட் அடித்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் அடித்தார்கள், யாரும் சொல்லாமலே. பாதிப் பந்து உள்ளே போகவில்லை. ஷெட்டுக்குப் போய் எல்லோருக்கும் டீ போட்டேன். கேப்டன் வந்து, "இப்ப சந்தோஷமாம்மா?" என்றார். "சர்க்கரை எத்தனை சார்?" என்றேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இனி யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை. எல்லோரிடமும் கேட்டாகிவிட்டது. நீ மட்டும்தான் பாக்கி.

கடைசிக் குழியில் உன் வலது பைக்குள் கையை விட்டபோது இரண்டு பந்தும் ஒன்றோடொன்று உரசியிருக்கும். எது யாருடையது என்று தெரியவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டர் கத்தியபோது, கோட்டுப் பை கிழிந்திருந்தது சார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. யாரும் உன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அன்றைக்கு வராந்தாவில் சொன்னதை நீ அங்கேயே சொல்லியிருக்கலாம். பையைத் தைத்துக் கொடுக்காத பெண்டாட்டி என்று இரண்டு நாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

குடித்தேன் என்று சொன்னாயே சில்லு, அது உன் கண்ணை மறைக்கவா, என்னை மறைக்கவா?